ஸ்பானிய ஒழுங்கு வினைகளின் இறந்தகாலம்: அழுத்தம் விழும் இடத்தைப் பிடித்தால் போதும்

ஸ்பானிய மொழியின் நிகழ்கால வினை வடிவங்களைக் கற்று முடித்த ஒருவர் மூன்று கேள்விகளை எழுப்பியிருக்கிறார். ஒழுங்கு வினைகளை இறந்தகாலத்தில் திரிப்பது எப்படி? மூன்று வகை வினைகளுக்கும் மூன்று வாய்பாடுகளைத் தனித்தனியே உருப்போட வேண்டுமா? ஒழுங்கானவை என்று சொல்லப்படும் வினைகளிலேயே சில, எழுத்து மாறி வருவது ஏன்? வாய்பாடுகள் இரண்டுதான் என்பதால் மனப்பாடச் சுமை மிகக் குறைவு. ஆனால் விகுதிகளை மட்டும் உருப்போட்டுவிட்டு, சொல்லின் எந்த அசையில் குரலை அழுத்த வேண்டும் என்பதைக் கவனிக்காமல் விட்டால், கற்றது அனைத்தும் பேச்சில் கைகொடுக்காது. இறந்தகாலத்தின் பாதி இலக்கணம் அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது.

தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. குறில் நெடில் வேறுபாடுதான் மாற்றுகிறது. ஸ்பானிய மொழியிலோ நிலைமை நேரெதிர்: அங்கே நீளம் பொருளை மாற்றாது, அழுத்தம் மாற்றும். ஆகவே இந்தப் பதிலில் ஸ்பானியச் சொற்களைத் தமிழில் எழுதும்போது, அழுத்தம் பெறும் உயிரை நெடிலாகவும் அழுத்தம் பெறாதவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். இது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமே. ஆயினும் தமிழ்ப் பேச்சுப் பழக்கம் உள்ளவர் நெடிலைச் சற்று ஓங்கிச் சொன்னால், கேட்கும் ஸ்பானியருக்கு அது சரியான அழுத்தமாகவே காதில் விழும். உயிர்களுக்கு இடையே வரும் த, ப, க ஆகியவற்றை 'அது', 'சபை', 'அகம்' ஆகிய சொற்களில் ஒலிப்பதுபோல் மென்மையாக ஒலிக்கவும். வல்லோசை தேவைப்படும் இடங்களில் இரட்டித்து எழுதியிருக்கிறேன்.

அகராதியில் வினைச்சொற்கள் ஆர், ஏர், ஈர் என்னும் மூன்று ஈறுகளுள் ஒன்றைக் கொண்டு முடிகின்றன. அந்த ஈற்றை நீக்கினால் கிடைப்பது பகுதி. 'தொமார்' என்பது எடுத்தலையும் பருகுதலையும் குறிக்கும் வினை. அதன் பகுதி 'தொம்'. இறந்தகாலத்தில் அது இவ்வாறு திரியும்: தொமே (நான் குடித்தேன்), தொமாஸ்தெ (நீ குடித்தாய்), தொமோ (அவன், அவள், அவர் குடித்தார்), தொமாமொஸ் (நாங்கள் அல்லது நாம் குடித்தோம்), தொமாஸ்தெய்ஸ் (நீங்கள் பலர் குடித்தீர்கள், ஸ்பெயினில் மட்டும்), தொமாரொன் (அவர்கள் குடித்தார்கள்). ஆர் ஈற்று ஒழுங்கு வினைகள் அனைத்தும் இதே வழியில் செல்லும்.

ஏர் ஈற்று வினைகளும் ஈர் ஈற்று வினைகளும் நிகழ்காலத்தில் ஓரிரண்டு இடங்களில் வேறுபடுகின்றன; இந்த இறந்தகாலத்தில் அந்த வேறுபாடும் மறைந்து இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'கொமேர்' (உண்) என்பது கொமீ, கொமீஸ்தெ, கொம்யோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொம்யேரொன் என்று திரியும். 'ஸுபீர்' (ஏறு) என்பது ஸுபீ, ஸுபீஸ்தெ, ஸுப்யோ, ஸுபீமொஸ், ஸுபீஸ்தெய்ஸ், ஸுப்யேரொன் என்று திரியும். பகுதியை மறைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு வரிசைகளிலும் ஒரே விகுதிகள் இருப்பது தெரியும். பாடநூல்கள் மூன்று அட்டவணைகளை அச்சிட்டு மாணவரை அச்சுறுத்துவது எனக்கு எப்போதும் வேண்டாத வேலையாகவே படுகிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். 'குடித்தேன்' என்பதைக் குடி, த், த், ஏன் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று பெயரிடுகிறோம். காலத்தைக் காட்டுவது இடைநிலை, இடத்தையும் எண்ணையும் காட்டுவது விகுதி. 'தொமே' என்பதில் அப்படிப் பிரிக்க இடமில்லை. இறுதியில் நிற்கும் ஓர் ஏகாரமே காலம், இடம், எண் ஆகிய மூன்றையும் சுமக்கிறது. ஆனால் பால் வேறுபாட்டை வினை காட்டுவதில்லை. அவன் குடித்தான், அவள் குடித்தாள், அது குடித்தது ஆகிய எல்லாவற்றுக்கும் 'தொமோ' ஒன்றே. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் கிடையாது. மரியாதைக்குரிய ஒருவரை நேரே பார்த்துப் பேசும்போது வரும் 'உஸ்தேத்' என்னும் சொல்லும் படர்க்கை ஒருமை வினையையே ஏற்கும் என்பதால், 'நீங்கள் காப்பி குடித்தீர்களா' என்று பெரியவரிடம் கேட்பதற்கும் 'தொமோ'தான். மரியாதைக்குப் பன்மை வினையைப் பயன்படுத்தும் பழக்கத்தில் நாம் பலர்பால் வடிவத்தை எடுத்துவிடுவோம். அதைத் தவிர்க்க வேண்டும்.

இனி அழுத்தத்துக்கு வருவோம். நிகழ்காலத்தில் 'நான் குடிக்கிறேன்' என்பது தோமொ. இறந்தகாலத்தில் 'அவர் குடித்தார்' என்பது தொமோ. இரண்டிலும் எழுத்துகள் ஒன்றே. அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் நான், நிகழ்காலம். கடைசி அசையில் விழுந்தால் அவர், இறந்தகாலம். அதேபோல் 'தோமெ' என்றால் 'குடியுங்கள்' என்னும் மரியாதை ஏவல். 'தொமே' என்றால் 'குடித்தேன்'. ஒரே மெய்யெழுத்துகளைக் கொண்ட இந்த நான்கு சொற்களையும் மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது, பத்துப் பக்கம் பயிற்சி எழுதுவதைவிட மேலானது என்பது என் கருத்து.

எழுத்தில் இந்த அழுத்தத்தைக் காட்டுவது உயிரெழுத்தின் தலைமேல் இடப்படும் சாய்கோடு. அதை எல்லா வடிவங்களிலும் இடுவதில்லை என்பதால் மாணவர் குழம்புகின்றனர். உயிரிலோ, ன் அல்லது ஸ் ஒலியிலோ முடியும் சொல்லில் அழுத்தம் ஈற்றயல் அசையில், அதாவது கடைசிக்கு முந்தைய அசையில், விழுவது அம்மொழியின் இயல்பு. இயல்பாக விழும்போது கோடு தேவையில்லை. தொமாஸ்தெ, தொமாமொஸ், தொமாரொன் ஆகியவை இயல்பின்படியே நடக்கின்றன. தொமே, தொமோ, கொமீ, கொம்யோ ஆகியவற்றில் அழுத்தம் கடைசி உயிருக்குத் தாவுவதால் அங்கே மட்டும் கோடு வருகிறது. ஆகவே தன்மை ஒருமைக்கும் படர்க்கை ஒருமைக்கும் கோடு, மற்றவற்றுக்கு இல்லை என்று நினைவில் கொள்ளலாம். கைபேசியில் தட்டச்சு செய்பவர்கள் கோட்டை விட்டுவிடுவதுண்டு. அப்போது 'அவர் குடித்தார்' என்பதா, 'நான் குடிக்கிறேன்' என்பதா என்பதை முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். பழைய நூல்களில் 'ஃப்வே' (போனார்), 'த்யோ' (கொடுத்தார்) போன்ற ஓரசைச் சொற்களுக்கும் கோடு இருப்பதைக் காணலாம். 1952-இல் வெளியாகி 1959-இல் நடைமுறைக்கு வந்த புதிய எழுத்து விதிகள் அவற்றை நீக்கிவிட்டன.

ஓர் இடத்தில் மட்டும் அழுத்தமும் உதவாது. 'தொமாமொஸ்' என்பது 'குடிக்கிறோம்', 'குடித்தோம்' ஆகிய இரண்டுக்கும் பொது; 'ஸுபீமொஸ்' என்பதும் அப்படியே. 'நேற்று' என்று பொருள்படும் 'அயேர்' போன்ற காலச் சொல்லே அங்கே காலத்தைத் தெளிவாக்கும். ஏர் ஈற்று வினைகளில் இந்த மயக்கம் இல்லை. உண்கிறோம் என்பது கொமேமொஸ், உண்டோம் என்பது கொமீமொஸ்.

ஒழுங்கு வினைகளில் எழுத்து மாறுவது ஏன் என்பது மூன்றாவது கேள்வி. 'தொக்கார்' (தொடு, இசைக்கருவி வாசி) என்பதன் தன்மை ஒருமை 'தொக்கே', 'பகார்' (பணம் செலுத்து) என்பது 'பகே', 'க்ருஸார்' (கடந்து செல்) என்பது 'க்ருஸே'. தமிழில் எழுதிப் பார்க்கும்போது இங்கே ஒன்றுமே மாறியதாகத் தெரியவில்லை அல்லவா? உண்மையும் அதுதான். மாறுவது ரோமன் எழுத்தின் உடை மட்டுமே. ஸ்பானிய எழுத்துமுறையில் 'சி' என்னும் எழுத்து அ, ஒ, உ ஆகியவற்றுக்கு முன் ககரமாகவும், எ, இ ஆகியவற்றுக்கு முன் ஸகரமாகவும் ஒலிக்கும். தொக்கார் என்பதில் அகரத்துக்கு முன் நின்ற 'சி', ஏகாரத்துக்கு முன் அப்படியே நின்றால் 'தொஸே' என்று படிக்கப்பட்டுவிடும். ககர ஒலியைக் காப்பாற்றவே அங்கே 'கியூ', 'யு' என்னும் இரண்டு எழுத்துகளை எழுதுகிறார்கள். பகே என்பதில் 'ஜி' எழுத்துக்குப் பின் ஒலிக்காத 'யு' ஒன்றைச் செருகுவதும், க்ருஸே என்பதில் 'இசட்' எழுத்தைச் 'சி' ஆக்குவதும் இதே வகையான எழுத்து வழக்கு. இந்த மாற்றம் தன்மை ஒருமையில் மட்டுமே நேரும், ஏனெனில் அங்கே மட்டும்தான் பகுதியை அடுத்து ஏகாரம் வருகிறது. இவற்றை ஒழுங்கற்ற வினைகள் என்று பட்டியலிடும் நூல்கள் மாணவருக்கு வீண் பாரத்தை ஏற்றுகின்றன.

உயிரில் முடியும் பகுதிகளில் நிகழ்வதும் ஒலி நெறியே. 'லெஏர்' (படி) என்பதில் பகுதியே எகரத்தில் முடிகிறது. அதனுடன் யோ, யேரொன் ஆகிய ஈறுகள் சேரும்போது இடையில் நிற்கும் இகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்டு யகர மெய்யாகி, லெயோ, லெயேரொன் என்று ஆகிறது. உடம்படுமெய்யாக யகரம் வருவதைப் பள்ளியிலேயே படித்த நமக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை.

நிகழ்காலத்தில் பகுதி உடையும் வினைகளைப் பற்றி அஞ்சுபவர்களுக்கு இறந்தகாலம் உண்மையில் ஓய்வு தருகிறது. 'கொன்தார்' (எண்ணு, கதை சொல்லு) என்பதன் நிகழ்காலத் தன்மை 'க்வேன்தொ', 'பென்ஸார்' (நினை) என்பதற்கு 'ப்யேன்ஸொ'. ஆனால் இறந்தகாலத்தில் கொன்தே, பென்ஸே என்று பகுதி சிதையாமல் நிற்கிறது. காரணம் மீண்டும் அழுத்தமே. பகுதியின் உயிர் அழுத்தம் பெறும்போதுதான் அது உடைந்து இரட்டை ஒலியாகிறது. இறந்தகாலத்தில் அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடுவதால் உடையக் காரணம் இல்லாமல் போகிறது. ஈர் ஈற்று வினைகள் மட்டும் இதற்குச் சிறு விலக்கு. 'பெதீர்' (கேட்டு வாங்கு) என்பது பெதீ, பெதீஸ்தெ என்று இயல்பாகத் தொடங்கி, படர்க்கையில் மட்டும் பித்யோ, பித்யேரொன் என்று பகுதி உயிரை மாற்றிக்கொள்கிறது. 'மொரீர்' (இற) என்பது அவ்வாறே முர்யோ, முர்யேரொன் என்றாகிறது. அடுத்து வரும் யகரத்தின் சாயல் முன்னுள்ள உயிரையும் மேலே இழுப்பதால் எகரம் இகரமாகவும் ஒகரம் உகரமாகவும் மாறுகின்றன. ஆர் ஈற்றிலும் ஏர் ஈற்றிலும் இது நேராது.

மெய்யான ஒழுங்கற்ற வினைகளையும் இதே அளவுகோலால் அடையாளம் காணலாம். 'தெனேர்' (வைத்திரு) என்பதற்குத் தூபெ, தூபொ என்றும், 'பொனேர்' (வை) என்பதற்குப் பூஸெ, பூஸொ என்றும், 'அஸேர்' (செய்) என்பதற்கு ஈஸெ, ஈஸொ என்றும் தன்மை, படர்க்கை ஒருமை வடிவங்கள் வருகின்றன. பகுதி மாறியிருப்பது ஒருபுறம். அழுத்தம் விகுதிக்குப் போகாமல் பகுதியிலேயே தங்கிவிட்டது மறுபுறம். அதனால்தான் அவற்றின் தலையில் சாய்கோடும் இல்லை.

அழுத்தம் ஏன் விகுதியில் விழுகிறது என்றால், அது இலத்தீன் விட்டுச்சென்ற சொத்து. நேசித்தேன் என்பதற்கு இலத்தீனில் 'அமாவி' என்றனர். இரண்டாம் அசையிலேயே அழுத்தம். பேச்சில் நடு வகரம் தேய்ந்து அமாய், அமேய், அமே என்று ஆயிற்று. போர்த்துக்கேயம் இன்றும் 'அமேய்' என்னும் படியில் நிற்கிறது. நேசித்தார் என்பதற்கான 'அமாவித்' தேய்ந்து 'அமாவ்த்' ஆகி, ஔகார ஒலி ஓகாரமாகி 'அமோ' என்று முடிந்தது. பொன்னைக் குறிக்கும் 'ஔரும்' என்ற இலத்தீன் சொல் ஸ்பானியத்தில் 'ஓரொ' ஆனதும் இந்த வழியில்தான். அழுத்தம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதற்குப் பின்னால் இருந்தவைதான் உதிர்ந்தன.

முன்னிலை ஒருமையிலும் ஒரு பழைய எச்சம் உண்டு. மற்ற எல்லாக் காலங்களிலும் நீ என்பதற்குரிய வினை ஸகரத்தில் முடிய, இங்கே மட்டும் தொமாஸ்தெ என்று உயிரில் முடிகிறது, ஏனெனில் இதன் இலத்தீன் மூலமும் ஸகரம் இல்லாமலே முடிந்தது. பேச்சு வழக்கில் பலர் மற்றக் காலங்களின் சாயலில் 'தொமாஸ்தெஸ்' என்று ஸகரத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். ஸ்பெயினிலும் ஸ்பானியம் பேசும் அமெரிக்க நாடுகளிலும் இதைக் கேட்கலாம். எழுத்தில் அது பிழையாகவே கருதப்படும், கற்பவர் பின்பற்ற வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது ஓர் இறந்தகாலம். இன்னொன்றும் உண்டு, அதன் வடிவங்கள் இதைவிட எளியவை. ஆர் ஈற்றுக்குத் தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபய்ஸ், தொமாபன். ஏர், ஈர் ஈறுகளுக்குக் கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயய்ஸ், கொமீயன். இங்கே காலத்தைக் காட்டும் துண்டும் இடத்தைக் காட்டும் துண்டும் தனித்தனியே நிற்பதால், கட்டமைப்பு நம் இடைநிலை, விகுதி முறைக்கு நெருங்கி வருகிறது. மொழி முழுவதிலும் இந்தக் காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மூன்றே: இரு, போ, பார். நானும் அவரும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்வதால், தேவையான இடத்தில் எழுவாயைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டில் எதை எப்போது பயன்படுத்துவது என்பதுதான் ஆங்கிலம் வழியே கற்பவர்களைப் பெரிதும் அலைக்கழிப்பது. தமிழ் வழியே அணுகினால் அத்தனை கடினமில்லை. 'சின்ன வயதில் தினமும் பால் குடிப்பேன்' என்று சொல்கிறோம். நடந்தது கடந்த காலம், வினையோ எதிர்கால வடிவம், பொருளோ வழக்கம். அந்த இடத்தில் ஸ்பானியர் 'தொமாப' என்பார்கள்: தெ நீன்யொ தொமாப லேச்செ தோதொஸ் லொஸ் தீயஸ். 'நான் வந்து சேர்ந்தபோது அத்தை சமைத்துக்கொண்டிருந்தார்' என்பதில் பின்னணியாக ஓடிக்கொண்டிருக்கும் செயலுக்கும் அதே காலம், குறுக்கிட்ட நிகழ்வுக்கு முதல் இறந்தகாலம்: க்வாந்தொ யெகே, மி தீய கொஸினாப. ஆகவே தமிழில் 'குடிப்பேன்', 'குடித்துக்கொண்டிருந்தேன்' என்று வரக்கூடிய இடங்களில் தொமாப, 'குடித்தேன்' என்று முடிந்துவிடும் இடங்களில் தொமே என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகவே அமையும்.

நீண்ட நேரம் நடந்த செயலுக்கு இரண்டாவது காலம், சட்டென்று முடிந்ததற்கு முதலாவது என்று சில கையேடுகள் சொல்வதை நம்ப வேண்டாம். 'லீமாவில் பத்து ஆண்டுகள் வேலை செய்தேன்' என்பதற்கு 'த்ரபஹே த்யேஸ் ஆன்யொஸ் என் லீம' என்று முதல் இறந்தகாலமே வரும். பத்து ஆண்டு குறுகிய காலமன்று; ஆனால் அதற்குத் தொடக்கமும் முடிவும் வகுத்து, முழுமையாக ஒரு கட்டுக்குள் வைத்துச் சொல்லிவிட்டோம். எல்லை கட்டப்பட்டதா, இல்லையா என்பதே அளவுகோல்.

இந்தக் காலங்களின் பெயர்களும் நூலுக்கு நூல் மாறும். முதலாவதை ஸ்பெயினின் பாடநூல்களில் 'ப்ரெத்தேரித்தொ இன்தெஃபினீதொ' என்றும், ஸ்பானிய மொழிக் கழகத்தின் இலக்கணத்தில் 'ப்ரெத்தேரித்தொ பெர்ஃபேக்தொ ஸீம்ப்லெ' என்றும் காணலாம். காராகாஸில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்திரேஸ் பெல்யோ, 1847-இல் வெளியிட்ட தம் இலக்கணத்தில் முதலாவதை வெறும் 'ப்ரெத்தேரித்தொ' என்றும், இரண்டாவதை 'கொப்ரெத்தேரித்தொ' என்றும் அழைத்தார். மெக்சிகோவின் பள்ளிகளில் இன்றும் அவர் வைத்த பெயர் புழங்குகிறது. வெவ்வேறு நாட்டு நூல்களைச் சேர்த்து வைத்துப் படிப்பவர் இதை அறிந்திராவிட்டால், ஒரே காலத்தை மூன்று காலங்களாக எண்ணிக் குழம்ப நேரும்.

கடைசியாக, எந்த நாட்டு வழக்கைக் கற்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'குடித்திருக்கிறேன்' என்பதைப் போன்ற ஒரு கூட்டு வடிவமும் உண்டு: எ தொமாதொ, அஸ் தொமாதொ, அ தொமாதொ என்று துணைவினை மட்டும் திரியும். மாத்ரிதில் இன்று காலை நடந்த செயலுக்கு இந்தக் கூட்டு வடிவத்தையே எடுப்பார்கள். 'ஏஸ்த மன்யான எ தொமாதொ கஃபே' என்பது அங்கே இயல்பு. மெக்சிகோவிலும் பெரும்பாலான அமெரிக்க நாடுகளிலும், ஸ்பெயினுக்குள்ளேயே கலீஸியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகள் ஆகிய இடங்களிலும் அதற்கு 'தொமே' என்றே சொல்வார்கள். 'சாப்பிட்டாயா' என்று கேட்க மாத்ரிதில் 'அஸ் கொமீதொ', மெக்சிகோவில் 'யா கொமீஸ்தெ'. அமெரிக்க நாடுகளில் உள்ளவர்களோடு பேசுவதற்காகக் கற்பவர்கள் தொமாஸ்தெய்ஸ், கொமீஸ்தெய்ஸ் ஆகிய முன்னிலைப் பன்மை வடிவங்களைப் படித்தால் புரிந்துகொள்ளும் அளவுக்கு வைத்துக்கொண்டு, பேச்சில் தொமாரொன், கொம்யேரொன் என்பவற்றையே பலரை முன்னிலைப்படுத்தவும் பயன்படுத்தலாம். 'நீ' என்பதைக் குறிக்கும் 'தூ' என்பதற்குப் பதிலாக 'போஸ்' என்று சொல்லும் அர்ஜென்டினர்கூட நிகழ்காலத்திலும் ஏவலிலும்தான் தனி வடிவம் வைத்திருக்கிறார்கள்; இறந்தகாலத்தில் அவர்களுக்கும் தொமாஸ்தெ, கொமீஸ்தெதான்.